பற்றவைக்காத பீடி

என் வீட்டுக்காரர் முப்பது வருஷத்துக்கு மேல் பீடி குடித்தவர். ஏன் குடிக்கிறார் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், கொழுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டை போடுவதற்கும் அது வசதியாக இருந்தது. இப்போது அப்படி நினைக்கவில்லை, சண்டை போடத் தெம்பும் இல்லை.

மரக்காணம் உப்பளத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை. பாத்தியில் விளைந்த உப்பை நீளக் கம்பு போட்ட பலகையால் இழுத்து வரப்போரம் சேர்ப்பது ஆண்கள் வேலை. அதைக் கூடையில் வாரித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பெண்கள் வேலை. விடிவதற்கு முன்னால் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கிற வரைக்கும் நிற்க மாட்டோம். நிழல் என்று சொல்ல அங்கே ஒரு வேப்பங்கன்றுகூடக் கிடையாது, அந்த மண்ணில் எதுவும் முளைக்காது. கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக்கு வந்தால் அரை மணி நேரம் சோற்றுப் பானைகூட மங்கலாகத் தெரியும்.

எங்கள் அளத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கையில் பீடி எரிகிற ஆளை வேலைக்குக் கூப்பிடக் கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது, மேஸ்திரிக்கும் அது பொருந்தும். ஒரு வரிசைப் பாத்தி முடிந்ததும் ஆண்கள் பலகையைச் சாய்த்துவிட்டு வரப்பில் குந்துவார்கள். ஆளுக்கொரு பீடி. அது விரலைச் சுடுகிற வரைக்கும் அவர்கள் ராஜா. மேஸ்திரி தூரத்தில் நின்று தானும் ஒன்றைப் பற்றவைத்துக்கொள்வார். பீடி இல்லாமல் ஒருவன் உட்கார்ந்தால் மட்டும் அவருக்குக் கண் உறுத்தும். உடம்பு சரியில்லையா என்று முதலில் கேட்பார். சரியாகத்தான் இருக்கிறது என்றால், சரி, அந்த வரப்பைக் கொஞ்சம் பாரு என்பார்.

பெண்கள் பீடி குடிப்பதில்லை. அதனால் நாங்கள் உட்கார்ந்ததும் இல்லை. ஆண்கள் புகை விடுகிற நேரத்தில் நாங்கள் கூடையோடு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்போம். இதில் ஏதோ அநியாயம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றியதில்லை. மழை பெய்தால் நனைகிற மாதிரி அதுவும் ஒன்று. துணி துவைக்கும்போது மட்டும் அந்த வித்தியாசம் தெரியும். ஈர வரப்பில் உட்கார்ந்தால் ஒட்டுகிற சேறு காய்ந்ததும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். அவர் லுங்கியின் பின்பக்கம் எப்போதும் உள்ளங்கை அகலத்துக்கு அந்த வெள்ளைத் திட்டு இருக்கும். கல்லில் அடித்து அடித்து என் தோள்பட்டை விட்டுப் போகும். என் புடவையில் அந்தத் திட்டு இருந்ததே இல்லை.

அந்தப் பீடியை நிறுத்த நான் படாத பாடு இல்லை. பீடிக் கட்டை ஒளித்துவைத்தேன். தண்ணீரில் ஊறப்போட்டேன். எங்கள் பெண் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போய்க் கையில் கயிறு கட்டிவைத்தேன். கயிறு இருந்த நாற்பத்தெட்டு நாளும் யோக்கியமாக இருந்தார். கயிறு அவிழ்த்த அன்று சாயங்காலம் தெருமுனையில் புகை வந்தது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவர் சிரித்தார். பதில் சொல்கிற பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

அப்புறம் இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு பலகை இழுக்கும்போது, பிறகு சாப்பிடும்போது. ஒரு நாள் கோழையில் ரத்தம் பார்த்ததும் பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரெண்டு தடவை அலைந்த பிறகு ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்லவேளை, பயந்த மாதிரி பெரிய வியாதி இல்லை. ஆனால் நுரையீரல் நைந்து போயிருக்கிறது என்றார். ஒரு நாளைக்கு எத்தனை பீடி என்று கேட்டதற்கு இவர் நாலைந்து என்றார். ஒரு கட்டு என்று நான் திருத்தினேன். டாக்டரம்மா நிதானமாக ரெண்டு விஷயம் சொன்னார். பீடியை இன்றோடு விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வருஷத்தில் மாடிப்படி ஏற மூச்சு இருக்காது. அடுத்தது, வேலைக்கு நடுவில் அடிக்கடி உட்கார்ந்து ஓய்வு எடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஏது மாடிப்படி என்று நான் நினைத்தேனே தவிர, அந்த ரெண்டும் எங்கள் அளத்தில் ஒன்றாக நடக்காது என்று எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்கும். அவர்தான் பேச மாட்டாரே.

திரும்பி வரும்போது பஸ் பொம்மையார்பாளையம் தாண்டினதும் இடுப்பிலிருந்து பீடிக் கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். நான் ஜன்னல் வழியாக விட்டெறிந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் எங்கள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

நிஜமாகவே விட்டார். கை நடுங்கியது. சோறு உள்ளே போகவில்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். வறுத்த புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு நாளெல்லாம் கடித்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் சாமியார் என்று பட்டம் வைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் நடுக்கம் நின்றது. இந்தத் தடவை ஜெயித்துவிட்டோம் என்று இருந்தேன்.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். மேஸ்திரியிடம் போய்ப் பெருமை அடித்தேன்.

"எங்க வீட்டுக்காரரு பீடிய உட்டுட்டாருண்ணா. இனிமே நேரமே வீணாவாது."

மேஸ்திரி மெச்சினார். கெட்ட மனுஷன் இல்லை, நிஜமாகவே மெச்சினார். மறுநாளிலிருந்து மற்றவர்கள் பீடி குடிக்கிற நேரத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை இருந்தது. மோட்டாரைப் போய்ப் பார்த்து வா, மடை ஒழுகுகிறது சேறு வைத்து அடை, உப்பு மேட்டை மூடின கீற்று பறக்கிறது இழுத்துக் கட்டு. நாலு தடவை உட்கார்ந்த மனுஷன் ஒரு தடவைகூட உட்காராமல் நின்றார். அதைக் கூடையும் தலையுமாக நான் பார்த்துக்கொண்டே போனேன், மனசு குளிர்ந்தது. பீடியை விட்டதும் ரெண்டு ஆள் வேலை செய்கிறார் என்று பக்கத்துப் பாத்திக்காரியிடம் சொன்னேன். லுங்கியில் வெள்ளைத் திட்டு இல்லை. துவைக்கிற வேலை மிச்சம் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அவர் இளைத்தார். உள்ளே இருக்கிற நஞ்செல்லாம் கழிகிறது, அப்படித்தான் இருக்கும் என்று நானே வைத்தியம் சொன்னேன்.

வைகாசி வெயிலில் ஒரு நாள். வரிசை முடிந்து ஆண்கள் குந்தியிருந்தார்கள். நான் உப்பைக் கொட்டிவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பினேன். அந்த வரிசையில் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கிறார். வாயில் பீடி.

கூடையை வீசிவிட்டுப் பாத்தி குறுக்கே நடந்தேன். விளைகிற பாத்தியில் கால் வைக்கக் கூடாது, வைத்தேன். அத்தனை பேர் முன்னாலும் வாய்க்கு வந்ததைப் பேசினேன். டாக்டரம்மா சொன்னது, பெண் தலையில் செய்த சத்தியம், எதையும் விடவில்லை. சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்று கேட்டேன். உப்பளத்தில் நின்றுகொண்டு அதைக் கேட்டும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவர் வாயிலிருந்து பீடியை எடுத்து அதன் நுனியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பற்றவைக்கவில்லை. கடித்த பக்கம் மட்டும் ஊறி நாராகியிருந்தது. காலையிலிருந்து அதே பீடி.

"பீடிய உட்டேன். அதோட குந்தறதும் பூட்ச்சி. இத வாயில வெச்சிக்கினா கூப்பிட மாட்டாங்கமே."

அவ்வளவுதான் சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. அந்தப் பீடியைக் கொடுத்ததே அவர்களில் ஒருவர்தான்.

என் சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். என்ன தகராறு என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பயத்தில் பீடியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். மேஸ்திரி அதைப் பார்த்துச் சிரித்தார். என் மாதிரி பெண்டாட்டி இருந்தால் அவரும் இப்படித்தான் திருட்டுத்தனமாகக் குடிப்பார் என்று கேலி பேசினார்.

"இன்னாபா, நெருப்பு இல்லியா? இந்தா."

தன் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, கடல் காற்றுக்கு ரெண்டு கையையும் குவித்துக் குச்சியைக் கிழித்து முன்னால் நீட்டினார். உபகாரமாகத்தான் செய்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றால் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க அவர் உடம்பில் சக்தி இல்லை. அது எனக்கும் தெரிந்தது. அவர் குனிந்து பற்றவைத்துக்கொண்டார்.

நான் தடுக்கவில்லை. போய் என் கூடையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரெண்டு மாசத்துக்கு மேல் குடித்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு அமைதி இருந்ததே இல்லை, அக்கம்பக்கத்தில் எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். பீடிக் கட்டின் மேல் இருக்கிற அழுகின நுரையீரல் படத்தை அவர் நகத்தால் சுரண்டுவார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அலுத்துவிட்டது.

அந்த நாட்களில் குயிலாப்பாளையத்தில் கட்டிக்கொடுத்த என் பெண் வீட்டுக்கு ஒரு நாள் போனேன். மருமகன் அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டில் வேலை பார்க்கிறார். அவரும் சிகரெட் பழகியிருக்கிறார் என்று பெண் அழுதாள். நான் கேட்டதும் அவர் மறைக்கவில்லை. சும்மா பின்வாசலில் போய் நின்றால் கூப்பிட்டுப் பாத்திரம் கழுவப் போடுவார்களாம், சிகரெட்டோடு நின்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். முன்னாலேயே கேள்விப்பட்ட கதை மாதிரி இருந்தது.

ஆடி கடைசியில் எங்கள் அளத்துக்கு ஒரு முகாம் வந்தது. வேனில் வந்தவர்கள் வரப்போரம் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் ஆள் உயரத்துக்கு நுரையீரல், ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுத் தரையில் ஷீட் விரித்து உட்காரவைத்தார்கள். பெண்களையும்தான். மோர் கொடுத்தார்கள். ஒரு சார் மைக் இல்லாமலே நன்றாகப் பேசினார். பீடியில் என்னென்ன விஷம் இருக்கிறது, அதை விட்ட இடத்தில் ஒரு கிராமம் எப்படித் திருந்தியது, குடும்பத்தை நினைத்துப் பார்க்க வேண்டாமா. எல்லாம் சரியான பேச்சு. எனக்குக் காதில் பாதிதான் விழுந்தது, கால் நீட்டி உட்கார்ந்திருந்த சுகத்தில் கண் சொருகியது. திடீரென்று ஒன்று கவனித்தேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஆண்கள் ஒருத்தர்கூடப் பீடியை வெளியே எடுக்கவில்லை. சாருக்குப் பயந்தா? எங்கள் ஆட்கள் அப்படிப் பயப்படுகிற ரகம் இல்லை. உட்காரத்தான் விட்டுவிட்டார்களே, அப்புறம் எதற்குப் பீடி?

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் சார். நான் எழுந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது.

"சார், பீடி இல்லாம குந்தறதுக்கு ஏதாவது வழி இருக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, மேஸ்திரியும் சிரிக்கவில்லை. சார் கேள்வி புரியாமல், பீடியை விடுவதற்கு ஒரு சூயிங்கம் இருக்கிறது என்று விளக்கினார். பாவம், அவர் மேல் தப்பு இல்லை. வேன் போனதும் அந்த ஃப்ளெக்ஸின் நிழலில்தான் ஆண்கள் குந்திப் பீடி பற்றவைத்தார்கள். அளத்தில் வேறு நிழல் ஏது. மழை வந்தபோது அதை அவிழ்த்து உப்பு மேட்டின் மேல் போர்த்தினோம். கறுப்பு நுரையீரல் ரொம்ப நாள் வானத்தைப் பார்த்துக் கிடந்தது.

முகாம் நடந்த மறுநாள் ஆண்கள் குந்தின நேரத்தில் நான் என் கூடையைக் கீழே வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தைரியம் என்று நினைக்க வேண்டாம், கால் அவ்வளவு வலித்தது. பக்கத்துப் பாத்திக்காரி பார்த்தாள், அவளும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டோம். மேஸ்திரி வந்தார். என்ன இது என்று கேட்கத் தெரியாமல் நின்றார். நான் என் வீட்டுக்காரர் விரலிலிருந்த பீடியை வாங்கிச் சேற்றில் அழுத்தினேன். தண்ணி பாட்டிலைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன்.

"அவங்க பீடி குடிக்கற நேரத்துல நாங்க தண்ணி குடிக்கறோம்ணா. வேணாம்னு சொல்லு, எழுந்துக்கறோம்."

தண்ணி வேண்டாம் என்று எவனும் வாயால் சொல்ல மாட்டான், மேஸ்திரியும் சொல்லவில்லை. முதலாளி கேட்டால் நான் என்ன சொல்வது என்று தனக்குத்தானே முனகினார். பீடி குடிக்கிறார்கள் என்றால் முதலாளியிடம் சொல்ல அவருக்கும் பதில் இருந்தது. கடைசியில், குடித்துவிட்டுச் சீக்கிரம் எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் கேனும் நாலைந்து டம்ளரும் வந்தன. அதற்கும் எங்கள் ஆட்கள் ஒரு சட்டம் கண்டுபிடித்தார்கள், கையில் டம்ளர் இருந்தால் கூப்பிடக் கூடாது. காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் வீட்டுக்காரர் மறுபடி பீடியை விட்டார், இந்தத் தடவை சத்தியம், கயிறு எதுவும் இல்லாமல். இன்னும் ரெண்டு பேர் பீடிப் பக்கத்திலிருந்து தண்ணிப் பக்கத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் விடவில்லை. உட்காருவதற்காகப் பழகின பீடி உடம்பில் ஊறிவிட்டது, இப்போது சும்மா உட்கார விட்டாலும் உடம்பு அதைக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்டரம்மா சொன்னது பொய்யாகவில்லை, ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த தை மாசம் புதுப் பருவத்துக்குப் பாத்தித் தரையை மிதித்து இறுக்க இறங்கினபோது என் வீட்டுக்காரரால் பத்து அடி மிதிக்க முடியவில்லை. பலகையைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மூச்சுக்கு இழுக்கிற பம்ப். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்க ஆள் இல்லை.

நான் போகிறேன், வருகிறேன். பழைய மேஸ்திரி போய் வேறு ஒருவர் வந்திருக்கிறார். தண்ணியை நின்றுகொண்டே குடிக்கலாமே என்பது அவர் கட்சி. சில நாள் அவர் வேறு பக்கம் போகும்போது உட்காருவோம், நிறைய நாள் முடியாது. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்கிறது ஒரே கேள்விதான்.

"இன்னிக்கி குந்தினியா?"

குந்தினேன் என்பேன். அவர் தலையாட்டிக்கொள்வார். ஆனால் நான் குடத்தை எடுக்கத் திரும்பும்போது என் புடவையின் பின்பக்கத்தைப் பார்க்கிறார். இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாள் ஆனது. அன்றைக்குப் புடவையில் வெள்ளைத் திட்டு இல்லை, அவர் சாப்பிடவில்லை, பசியில்லை என்றார்.

அதனால் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு நான் மட்டும் கொஞ்சம் பின்தங்குகிறேன். ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் கடைசி வரப்பு இருக்கிறது. அங்கே உட்காருகிறேன். கையில் பீடியும் இல்லை, டம்ளரும் இல்லை. முதலில் யாராவது கூப்பிட்டுவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், இப்போது பார்ப்பதில்லை. ஒரு பீடி எரிகிற நேரம் போனதும் எழுந்து, பின்னால் ஒட்டின சேற்றைத் தட்டாமல் வீட்டுக்கு நடக்கிறேன்.